சகுனங்களின் பிறப்பிடம்

வீட்டை விட்டுப் புறப்படும் வேளையிலே பல்லி சொல்லிற்று என்று ஒருவர் திரும்பி வந்து திண்ணையில் அமர்கிறார். பூனை குறுக்கே ஓடிற்று என்று மற்றொருவர் ஒரு மிடறு தண்ணீர் அருந்திவிட்டு மறுபடியும் நடையைத் தொடங்குகிறார். கூரைமீது காகம் கரைந்தது என்று ஓர் அம்மையார் உலையிலே இன்னும் ஒரு சுண்டு அரிசியைக் கூட்டிப் போடுகிறார். காரணம் யாது என்று கேட்டால், முன்னோர் செய்தனர், நாங்களும் செய்கிறோம் என்பதே இவர்கள் தரும் விடை. கற்றவர் சிலரோ, இவை யாவும் மூடத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். ஆராயாமல் ஏற்பதும் ஆராயாமல் தள்ளுவதும் ஏறக்குறைய ஒரே தன்மையனவே. இவ்வழக்கங்கள் எங்கே பிறந்தன, எதனால் நிலைத்தன, இவற்றுள் தீங்கற்றது எது, பிறரை வருத்துவது எது என்று பிரித்து அறிவதே பயன் தரும் முயற்சியாகும்.

இம்முயற்சிக்கு நல்லதொரு தொடக்கத்தை மட்டக்களப்பு நாட்டின் தென்பகுதியிலுள்ள பெரியகல்லாறு என்னும் ஊர் தருகின்றது. 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் வாயில்கள் இரண்டு. ஒன்று மட்டக்களப்பு நகரை அடுத்துள்ளது. மற்றது பெரியகல்லாற்றில் உள்ளது. கிழக்கே பெருங்கடல்; மேற்கே வாவி; நடுவே ஒடுங்கிய மணல்நிலம். தென்னந்தோப்புகளும், வீடுகளும், கோயில்களும், பள்ளிக்கூடங்களும், கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் அந்த ஒடுங்கிய நிலத்திலேயே அமைந்துள்ளன. ஒரே ஊருக்கு இரண்டு நீர். இரண்டும் மனிதனோடு பழகும் விதமோ வேறு வேறு.

வாவியின் நீர் ஆழம் குறைந்தது. பல இடங்களிலே கோல் ஊன்றித் தோணியைச் செலுத்தலாம். இறால் எந்தப் பருவத்தில் பெருகும், மீன் எந்தத் துறையில் ஒதுங்கும், முகத்துவாரம் திறந்தால் நீர் எவ்வாறு வடியும் என்பனவெல்லாம் பல தலைமுறைகளின் பழக்கத்தால் தெரிந்தவை. கடலின் இயல்பு அப்படிப்பட்டதன்று. காலையிலே கண்ணாடிபோற் கிடந்த நீர் மாலையிலே மலைபோல் எழும். வாடைக்காற்றின் மாதங்களிலே கரையிலிருந்து வள்ளம் இறக்குவதே உயிரைப் பணயம் வைக்கும் செயலாகிவிடும். கடலுக்குச் செல்பவனின் திறமை எவ்வளவு பெரிதாயினும், அவன் திரும்பி வருவது அத்திறமையால் மட்டும் முடிவாவதில்லை.

இவ்வேறுபாடு சகுனங்களின் வரலாற்றிலே மிகவும் முக்கியமானது. அதனை முதன்முதல் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் ஒருவர் பிரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர். முதலாம் உலக யுத்த காலத்திலே அவர் நியூகினிக்கு அருகேயுள்ள துரோபிரியண்டுத் தீவுகளில் தங்கி, அங்குள்ள மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அத்தீவு மக்களுக்கும் வாவி ஒன்று உண்டு; அதற்கு அப்பால் பெருங்கடல் உண்டு. உள்வாவியிலே மீன்பிடித்தபொழுது அவர்கள் மந்திரம் ஏதும் செய்யவில்லை. தம் அறிவையும் கைத்திறனையுமே நம்பினர். அதே மக்கள் ஆபத்து மிகுந்த பெருங்கடலுக்குச் சென்றபொழுதோ பலவகையான மந்திரச் சடங்குகளைச் செய்துவிட்டே புறப்பட்டனர். 1925ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையிலே மலினோவ்ஸ்கி இதனை எடுத்துக்காட்டி, மனிதனின் அறிவு தீர்ந்து போகும் எல்லையிலே மந்திரம் தொடங்குகின்றது என்று விளக்கினார்.

ஆதலால் சகுனம் பார்ப்பவன் அறிவில்லாதவன் என்று கூறுவது பொருந்தாது. வாவியிலே அறிவோடு தொழில் செய்பவனே கடலிலே சகுனம் பார்க்கிறான். மனம் ஒன்றே, அது நிற்கும் இடம் மாறுகின்றது. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்கு வலது காலை முன்வைத்து நுழையும் மாணவனும், சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாயிலில் காத்திருக்கும்பொழுது கடிகாரத்தில் இராகு காலம் கழிந்துவிட்டதா என்று பார்க்கும் உறவினரும் அந்நேரத்துக்குக் கடலில் நிற்பவர்களே. இனித் தம் கையில் ஒன்றும் இல்லை என்ற நிலையிலே, ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று மனம் தவிக்கின்றது. அத்தவிப்பே சகுனத்தின் பிறப்பிடம்.

இது எந்த ஓர் இனத்துக்கும் உரிய தனிக்குணம் அன்று. ஸ்கொத்லாந்து நாட்டு மீனவர் கடலில் இருக்கும்பொழுது பன்றி, பாதிரியார் முதலிய சில பெயர்களை வாயால் உச்சரிப்பதைத் தவிர்த்து வந்தனர். வேறு சொற்களால் அவற்றைக் குறித்தனர். தமிழ்க் கிராமங்களிலே இரவு வேளையில் பாம்பு என்று சொல்லக்கூடாது, பூச்சி என்று சொல்லவேண்டும் என்பர். கொடிய நஞ்சுடைய நாகத்துக்கே நல்ல பாம்பு என்று பெயர் வைத்தனர். உடலெங்கும் கொப்புளங்களை எழுப்பி உயிரைக் குடித்த நோய்க்கு அம்மை என்று, தாயின் பெயரையே சூட்டினர். பெயரைச் சொன்னால் பொருள் வந்து நிற்கும் என்ற அச்சம் வடகடலிலும் தென்கடலிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அச்சம் பொதுவாயினும், சகுனம் பேசும் மொழி தொழிலுக்குத் தொழில் வேறுபடும். இதற்குச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. மதுரையிலே கண்ணகிக்குப் பெருந்துன்பம் நேரப்போகும் நாளிலே ஆயர் சேரியில் குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் சொரிந்தது. ஆட்டுக்குட்டிகள் துள்ளி விளையாடவில்லை. பசுக்களின் கழுத்து மணிகள் அறுந்து வீழ்ந்தன. இக்குறிகளைக் கண்ட மாதரி தீங்கு வரும் என்று அஞ்சிக் குரவைக் கூத்து நிகழ்த்தச் செய்தாள். சற்றே கூர்ந்து நோக்கினால், அவள் கண்ட குறிகள் யாவும் பாலும் மோரும் மாடும் ஆடுமாகவே இருப்பதைக் காணலாம். இடைச்சியர்க்கு உலகம் எந்தப் பொருள்களால் ஆனதோ, அந்தப் பொருள்களிலேயே அவர்களுடைய தீநிமித்தமும் தோன்றிற்று.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றையும் இளங்கோவடிகள் வைத்துள்ளார். சிலம்பை விற்கப் புறப்பட்ட கோவலனை வழியிலே ஓர் ஏறு எதிர்ந்தது. அது தீய நிமித்தம் என்பதைக் கோவலன் அறியவில்லை. அவன் குலத்தார் அறியும் வகையைச் சேர்ந்ததன்று அது என்று காரணமும் கூறப்படுகின்றது. ஆயர்க்குத் தீக்குறியாகிய ஒன்று வணிகனுக்கு வெறும் மாடாகவே தோன்றிற்று. இந்த ஒரு செய்தியே சகுனங்களின் இயல்பை விளக்கப் போதுமானது. மழையும் வெயிலும் ஆயனையும் வணிகனையும் ஒருங்கே நனைக்கும், ஒருங்கே காய்க்கும். சகுனமோ அதன் மொழி தெரிந்தவனை மட்டுமே அச்சுறுத்தும்.

இத்தகைய நம்பிக்கைகள் தமிழர் வாழ்விலே மிகப் பழையவை. போருக்குச் செல்லுமுன் நற்சொல் கேட்டு நிற்பதை விரிச்சி என்று பழந்தமிழர் அழைத்தனர். பறவைகளின் போக்கைக் கொண்டு குறி பார்ப்பதைப் புள் நிமித்தம் என்றனர். பிரிந்து சென்ற தலைவனின் வரவை அறிவித்துக் கரைந்த காக்கைக்கு எவ்வளவு சோறிட்டாலும் தகும் என்ற கருத்தை வைத்துப் பாடிய பெண்பாற் புலவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. குறுந்தொகையிலுள்ள அப்பாட்டிலே காகத்தின் குரல் அச்சம் தருவதன்று. காத்திருந்த பெண்ணுக்கு ஆறுதல் தருவது. இன்று காகம் கரையக் கேட்டு உலையில் அரிசி கூட்டும் அம்மையார், தாம் அறியாமலே, அந்த நீண்ட மரபின் கடைசி இழையைப் பிடித்திருக்கிறார். அவ்வழக்கத்தால் எவருக்கும் தீங்கில்லை. விருந்து வராவிட்டாலும் அந்தச் சோறு வீணாவதில்லை.

சிலப்பதிகாரத்தின் கண்ணகி மட்டக்களப்பு நாட்டிலே இன்றும் தெய்வமாக வாழ்கின்றாள். செட்டிபாளையம், தம்பிலுவில், காரைதீவு முதலிய பல ஊர்களில் அவளுக்குக் கோயில்கள் உள்ளன. வைகாசி மாதத்தில் கதவு திறந்து சடங்கு நிகழ்த்தி, முடிவிலே குளிர்த்தி பாடுவர். மதுரையை எரித்த சினம் தணியவேண்டும், மழை பெய்யவேண்டும், வெப்பு நோய்கள் நீங்கவேண்டும் என்பது அதன் உட்பொருள். வெயில் கொளுத்தும் மாதத்திலே கொப்புள நோய் பரவிய காலங்களில், தணிக்கவேண்டிய வெப்பம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று மக்கள் எண்ணியது இயல்பே. நோய் கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகினர். அயலார் அங்கே செல்லவில்லை. அவ்வீட்டார் விழாக்களுக்குச் செல்லவில்லை. நோயைத் தெய்வம் என்றனர். எனினும் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுவது என்பதையும் கண்டுகொண்டனர். ஒரே வழக்கத்தினுள் பிழையான விளக்கமும் சரியான நடத்தையும் ஒருங்கே அமைந்திருப்பதை இங்கே காணலாம்.

ஆயினும் பெரியம்மையை உலகத்திலிருந்து அகற்றியது வேப்பிலை அன்று; அம்மைப்பால் குத்திய ஊசியே. 1980ஆம் ஆண்டு மே மாதத்திலே உலக சுகாதார நிறுவனம் அந்நோய் முற்றாக ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. அதன் பின்னும் கண்ணகி கோயில்களின் கதவு வைகாசியில் திறக்கவே செய்கின்றது, குளிர்த்தி நிற்கவில்லை. அச்சம் நீங்கிய பின்னரும் பத்தியும் இசையும் ஊர் கூடும் மகிழ்ச்சியும் எஞ்சின. ஒரு நம்பிக்கையின் பிழையான பகுதியைக் களைந்தால் அதனோடு சேர்ந்த நல்லனவும் அழிந்துபோகும் என்று அஞ்சுவோர்க்கு இது தக்க விடையாகும்.

இனி, பயனற்ற சகுனங்கள் எவ்வாறு இவ்வளவு காலம் நிலைக்கின்றன என்பதைப் பார்ப்போம். பூனை குறுக்கே போன நாட்களில் காரியம் கெட்ட நாளை மனம் பத்திரமாக வைத்துக்கொள்கின்றது. கெடாத நாட்களைக் கணக்கிலே எழுதுவதில்லை. பழைய கிரேக்க நாட்டிலே தயாகோரசு என்ற ஒருவர் இருந்தார். தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு கடற்புயலிலிருந்து பிழைத்தவர்களின் படங்களைக் கோயில் ஒன்றிலே அவருக்குக் காட்டினர். பிழைத்தவர்களின் படங்கள் இங்கே உள்ளன. நேர்ந்துகொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் வினவினாராம். உரோம அறிஞர் சிசெரோ இக்கதையைத் தம் நூலிலே எழுதி வைத்துள்ளார். மூழ்கியவர்கள் படம் எழுதித் தொங்கவிட மீண்டு வருவதில்லை. எனவே சான்றுகள் யாவும் ஒரு பக்கத்திலேயே குவிகின்றன.

இக்குணம் மனிதனுக்கு மட்டும் உரியதாகவும் தெரியவில்லை. 1948ஆம் ஆண்டிலே ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் பசித்த புறாக்களைக் கூண்டிலடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளிகளில் உணவு வரும்படி அமைத்தார். சிறிது காலத்திலே ஒரு புறா ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தது. மற்றொன்று தலையை ஒரு மூலையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. உணவு வந்த வேளையில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலையே உணவுக்குக் காரணமாக அவை பற்றிக்கொண்டன என்று அவர் கருதினார். வலது காலை முன்வைத்து நுழைந்த நாளில் தேர்ச்சி பெற்ற மாணவன் மறுமுறையும் வலது காலையே தேடுவதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகின்றது. பழைய வழக்கங்களுக்கெல்லாம் விஞ்ஞானக் காரணம் உண்டு என்று நிலைநாட்டும் ஆர்வம் இக்காலத்திலே பெருகியிருக்கிறது. சில வழக்கங்களுக்கு எளிய காரணம் உண்டு என்பது உண்மையே. விளக்கு வைத்தபின் வீடு கூட்டக்கூடாது என்பது, மங்கிய ஒளியிலே தவறி விழுந்த தோட்டின் திருகாணி குப்பையோடு போய்விடும் என்பதனாலே தோன்றியிருக்கலாம். இரவில் நகம் வெட்டக்கூடாது என்பதற்கும் அத்தகைய காரணமே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மின்விளக்கு எரியும் வீட்டுக்கு அவ்விதிகள் தேவையில்லை. ஆயின், இரவிலே புளியமரத்தின் கீழ்ப் படுப்பவனைப் பேய் அமுக்கும் என்பதற்கு மரம் வெளிவிடும் கரியமில வாயுவே காரணம் என்று கூறுவது அவ்வாறு பொருந்தவில்லை. மரம் இரவிலே அவ்வாயுவை வெளிவிடுவது மெய். அதன் அளவோ சிறிது. திறந்த வெளியின் காற்று அதனை உடனே பரப்பிவிடும். கதவடைத்த அறையிலே ஒருவர் அருகில் மற்றொருவர் படுப்பதால் ஆபத்து நேராதபோது, மரத்தடியில் மட்டும் நேர்வது எப்படி? பேயை விரட்டிவிட்டு அதன் இடத்திலே அளந்து பாராத விஞ்ஞானத்தை அமர்த்துவது, ஒரு மூடநம்பிக்கையை நீக்கி மற்றொன்றை வைப்பதாகவே முடியும்.

அறியாததை எதிர்கொள்வதற்கு அச்சம் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்கள் இதற்குச் சான்று. நிலவு காயும் இரவுகளிலே, கல்லடிப் பாலத்தை அண்டிய நீரிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் மெல்லிய இசையொலி கேட்கும் என்பர். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1848ஆம் ஆண்டிலே அவ்வொலியைக் கேட்டுத் தம் நூலிலே எழுதினார். 1950களில் அவ்வொலி பதிவு செய்யப்பட்டு வானொலியிலும் ஒலித்தது. மீன் எழுப்புவதா, சிப்பி எழுப்புவதா என்ற ஆராய்ச்சி இன்னும் முடிவுபெறவில்லை. காரைதீவிலே பிறந்து யாழ்நூலை இயற்றிய விபுலாநந்த அடிகள் அதனை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்தார். இரவிலே நீருக்கடியிலிருந்து காரணம் தெரியாத ஒலி எழுகின்றது. வேறோர் ஊரிலே அதைப் பேயென்று அஞ்சி அத்துறையையே கைவிட்டிருப்பர். இந்நாட்டு மக்களோ தோணியை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டனர். தம் நாட்டுக்கே மீன்பாடும் தேனாடு என்று பெயர் சூட்டிக்கொண்டனர். அறியாமை அச்சமாகத்தான் முடியவேண்டும் என்னும் விதி இல்லை. அது வியப்பாகவும் மலரலாம்.

மட்டக்களப்பாரின் நம்பிக்கைகள் ஒருபுறமிருக்க, மட்டக்களப்பாரைப் பற்றிப் பிறர் கொண்ட நம்பிக்கை ஒன்றும் உண்டு. அங்கே சென்றவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது இலங்கைத் தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. மந்திரத்தாலே அவ்வாறு செய்வர் என்று அஞ்சியவரும் உண்டு. இதன் மூலத்தை ஆராய்ந்தால், ஒட்டவைத்த பசை யாது என்பது புலப்படும். வயலும் வாவியும் பாலும் தயிரும் நிறைந்த நாடு அது. உத்தியோகத்துக்கும் வாணிகத்துக்கும் வந்தவரை மனமுவந்து உபசரித்தவர் அந்நாட்டார். அதனோடு, மட்டக்களப்புத் தமிழரிடையே தாய்வழிக் குடிமுறை வேரூன்றியது. வீடும் வளவும் பெண்மக்களுக்கே செல்லும்; மணம் முடித்தவன் மனைவியின் வீட்டிலேயே சென்று வாழ்வான். ஆகவே வெளியூரிலிருந்து வந்து அங்கே பெண்கொண்டவன் திரும்பவில்லை. மகனை எதிர்பார்த்து வேறோர் ஊரிலே காத்திருந்த தாய்க்கு, பெண்வீட்டில் வாழும் அவ்வழமை மந்திரமாகத்தான் தோன்றியிருக்கும். தன் ஊர் வழமைக்கு மாறானதை மந்திரம் என்று கருதுவது மனித இயல்பு.

இப்பேச்சு இன்று பெரும்பாலும் வேடிக்கையாகவே கொள்ளப்படுகின்றது. ஆயின், பிறரைப் பற்றிய நம்பிக்கைகள் எல்லாம் வேடிக்கையாக முடிவதில்லை. துன்பத்துக்குக் காரணம் தேடும் மனம் பொருள்களை விட்டு மனிதரைச் சுட்டத் தொடங்கும்பொழுதே சகுனம் கொடுமையாகின்றது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும் செய்தி அத்தகையது. கண்ணகியின் துயரத்துக்குப்பின் பாண்டிநாட்டிலே மழை பொய்த்து, நோயும் வறுமையும் பரவியபொழுது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று அது உரைக்கின்றது. சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். மழை பெய்யாததற்கு ஆயிரவர் உயிர் கொடுத்தனர். காவியத்தின் ஒரு மூலையிலே சில சொற்களாக அடங்கிக் கிடக்கும் இச்செய்தி, மூடநம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டும்.

பெரியோரும் இவ்விடத்திலே வழுக்கியதுண்டு. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரிலே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அப்பொழுது தமிழ்நாட்டிலே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், அம்மாதம் 24ஆம் நாள் திருநெல்வேலியிலே பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனையே அப்பூகம்பம் என்றார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த இரவீந்திரநாத தாகூர் அக்கூற்றை ஏற்கவில்லை. இயற்கையின் அழிவுக்கு மனிதரின் ஒழுக்கத்தைக் காரணமாகக் காட்டினால், எதிர்க்கட்சியினரும் அதே பூகம்பத்துக்குக் காந்தியடிகளையும் அவரைப் பின்பற்றுவோரையுமே காரணமாகக் காட்டலாம் அன்றோ என்று வாதிட்டார். காந்தியடிகளும் அம்மறுப்பைத் தம் அரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டு விடையளித்தார். நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டாலும், ஆராயாத காரணம் ஆராயாத காரணமே. அது யார் கைக்கும் ஆயுதமாகும்.

அவ்வாயுதம் இன்றும் வீடுகளுக்குள் இருக்கின்றது. கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் காரியம் கெடும் என்னும் எண்ணமே அது. பல்லாண்டுப் போரும், அதனோடு கடலும், கிழக்கிலங்கையில் ஆயிரக்கணக்கான பெண்களைத் துணையற்றவராக்கின. வயலிலும் தறியிலும் கடையிலும் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய், அப்பிள்ளையின் திருமண நாளிலே மணவறைக்கு அருகே வராமல் அடுப்படியின் இருளிலே ஒதுங்கி நிற்பதைக் காணலாம். எவரும் அவளை விலகு என்று சொல்வதில்லை, அவளே விலகிக்கொள்கிறாள். காகம் கரைந்ததை நம்பினால் ஒரு சுண்டு அரிசிதான் செலவாகும். இந்நம்பிக்கைக்கோ ஒரு தாயின் வாழ்நாள் முழுவதும் விலையாகின்றது. இரண்டையும் சகுனம் என்ற ஒரே சொல்லால் அழைப்பதனாலேயே பலர் இவ்வேறுபாட்டைக் காணாமற் போகின்றனர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையிலே, சுமாத்திராவுக்கு அருகே கடலடியிலே எழுந்த பூகம்பத்தால் ஆழிப்பேரலை பெரியகல்லாறு உள்ளிட்ட கிழக்குக் கரை முழுவதையும் தாக்கியது. இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று பூரணை நாள். துயரத்தின் நடுவே பலவகையான காரணங்கள் பேசப்பட்டன. பூரணையே காரணம் என்றார் சிலர். 26 என்ற எண்ணே தீயது என்றார் வேறு சிலர். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26இல் குஜராத்திலும், 2003ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஈரானின் பாம் நகரிலும் நிகழ்ந்த பூகம்பங்களை அதற்குச் சான்றாகக் காட்டினர். 2011ஆம் ஆண்டு மார்ச் 11இல் யப்பானிலும், 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25இல் நேபாளத்திலும் நிகழ்ந்தவை அக்கணக்கிலே சேர்வதில்லை. தயாகோரசின் வினாவே இங்கும் பொருந்தும்.

அதே நாளிலே, பூகம்பம் எழுந்த இடத்துக்கு மிக அருகிலிருந்த சிமெலூ என்னும் இந்தோனேசியத் தீவிலே நிகழ்ந்ததோ வேறு. 1907ஆம் ஆண்டிலே அத்தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. அந்நினைவை அம்மக்கள் ஸ்மோங் என்ற ஒரு சொல்லிலே வைத்துப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள். 2004ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் 7 பேர் எனப்படுகின்றது. அவர்களும் பாட்டி சொன்ன கதையையே நம்பினர். அக்கதை அவர்களைக் காத்தது.

பாட்டி சொன்னதெல்லாம் பொய்யல்ல, மெய்யும் அல்ல. ஸ்மோங் என்ற சொல்லுக்கும் 26 என்ற எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தால், வழிவழி வந்த எந்த நம்பிக்கையையும் எடை போட்டுவிடலாம். முன்னது கண்ட ஒன்றிலிருந்து பிறந்தது. என்ன செய்யவேண்டும் என்று கூறியது. எவர்மீதும் பழி சுமத்தவில்லை. பின்னது தற்செயலிலிருந்து பிறந்தது. அஞ்சு என்று மட்டுமே கூறியது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. இலங்கையின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது; அவர்கள் உள்நாட்டுக்கு விலகினர். பேரலை வரவில்லை. எச்சரிக்கை பொய்த்தது என்று அதனை இகழ்வது தவறு. ஏன் வரவில்லை என்று அறிஞர் ஆராய்ந்தனர். கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம் என்று கண்டறிந்தனர். தன் கணிப்புப் பொய்க்கும்பொழுது காரணம் தேடித் திருத்திக்கொள்வது அறிவின் இயல்பு. பல்லி சொல்லி எத்தனை முறை பொய்த்தாலும் பல்லிப் பலன் அச்சிட்ட ஏடு திருத்தப்படுவதில்லை.

பெரியகல்லாற்றின் ஒரு புறத்திலே அறிந்த நீர். மறுபுறத்திலே முற்றும் அறிய முடியாத நீர். மனிதன் வாழும் நிலமும் அவ்வாறு இரண்டுக்கும் நடுவே கிடப்பதுதான். அறிவு வளர வளர, கடலாக இருந்தவற்றுட் சில வாவியாகின்றன. பெரியம்மை அவ்வாறு ஆயிற்று; புயலும் பேரலையும் ஓரளவுக்கு அவ்வாறு ஆகிவருகின்றன. கடல் முழுவதும் வாவியாகிவிடும் நாள் வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. எனவே கடலுக்குப் புறப்படுபவன் கரையிலே நின்று கைகூப்புவதைப் பழிக்கவேண்டியதில்லை. கைகூப்பியவன் வானிலை அறிவிப்பையும் கேட்டுவிட்டுப் புறப்படட்டும்; அம்மனுக்கு நேர்ந்துகொண்ட தாய் பிள்ளையை வைத்தியசாலைக்கும் கொண்டு செல்லட்டும்; உலையில் காகத்துக்கென்று அரிசி கூட்டிய அம்மையார், கைம்பெண்ணாயினும், தம் மகனின் மணவறையிலே முதல் ஆளாக நின்று அட்சதை தூவட்டும். அச்சத்திலே பிறந்த வழக்கங்களை அன்பினாலும் அறிவினாலும் அளந்து கொள்வதே முன்னோரையும் மதித்து, பின்வருவோரையும் காக்கும் வழியாகும்.